ராசிக்காரி கடித்த முறுக்கு

அத்தியாயம் 11

ஆனந்தவள்ளிக்கு ஓரகத்தி மேல் சந்தேகம் வந்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது.

மாடிப்படியில் பிரான்சியும் சுபாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததும், இவள் தலையைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டதும் போன வாரம் நாம் பார்த்ததுதான். அதிலிருந்து மனுஷிக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வயசுப் பெண்ணுக்குப் பெற்ற தாயிடம் சொல்ல முடியாத ரகசியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? அதுவும் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சித்தியோடு?

பிரான்சி கெட்டவள் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுதான் ஆனந்தவள்ளிக்கு இன்னும் எரிச்சல். கொழுந்தன் அன்புச்செல்வன் பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவன். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். விடியற்காலையில் போனால் மதியம் வந்துவிடுவாள். அதிர்ந்து பேச மாட்டாள். முறுக்கு மட்டும் தின்ன மாட்டாள்.

முறுக்கில் பிழைக்கிற வீட்டுக்கு மருமகளாக வந்து முறுக்கைத் தொடாதவளை எப்படி நம்புவது?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஆனந்தவள்ளியின் புருஷன் ரெங்கராஜின் முறுக்குக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் அப்பா மணப்பாறையிலிருந்து முறுக்கு பிழியும் ஒரே ஒரு உழக்கோடு வந்து இறங்கிப் போட்ட கடை. சாயங்காலத்தில் வாசலில் பஜ்ஜியும் உண்டு. கடைக்குப் பின்னால் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு, மேலே மாடியில் கொழுந்தன் குடித்தனம்.

அந்தப் பட்டறையில் மாமனார் காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு. விடியற்காலை முதல் ஈடு எண்ணெயிலிருந்து வெளியே வந்ததும் முதல் முறுக்கை வீட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அவள் கடித்து, "நல்லாருக்கு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் அடுத்த ஈடு. சுபா என்கிற சுபலட்சுமிக்கு நாலு வயசாகும்போதிலிருந்து அந்த உத்தியோகம். ராசிக்காரி என்று கடைத்தெருவே அவளைக் கூப்பிடும்.

"வேண்டாம்" என்ற வார்த்தை மட்டும் அந்த இடத்தில் வரக்கூடாது. ஆறு வயசில் காய்ச்சலோடு படுத்திருந்தவள் ஒருநாள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அன்றைக்குப் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. கடையில் ஈ ஓட்டினார்கள். "இனிமே உன் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்று ஆனந்தவள்ளி அன்றைக்கே கண்டித்து வைத்தாள். அதற்கப்புறம் பிள்ளை சொன்னதே இல்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பட்டறையில் கால் வைக்க இடமில்லை. நாளைக்குச் சுபாவின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. பிள்ளைகளுக்குக் கொடுக்க நானூறு பொட்டலம் முறுக்கு வேண்டும் என்று ஆர்டர் வந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்து எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு ஆர்டரைச் சரியாகச் செய்துவிட்டால் திருச்சியில் உள்ள பள்ளிக்கூடம் எல்லாம் நம் கடைக்குத்தான் என்று ரெங்கராஜ் நாலு நாளாகத் தரையில் நடக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு முதல் ஈடு வந்தது. ரெங்கராஜ் ஜல்லிக்கரண்டியால் ஒன்றை எடுத்து, ஊதி, மகளிடம் நீட்டினான்.

"கடிம்மா, ராசிக்காரி!"

சுபா ஓரத்தில் ஒரு துண்டு கடித்தாள். "நல்லாருக்குப்பா" என்றாள். மிச்ச முறுக்கோடு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

ஆனந்தவள்ளி மாவு பிசைகிறவள் போல் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தாடை அசையவில்லை! வாயில் போட்டதை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு போகிறாள். கொல்லையில் துப்பும் சத்தம் கேட்டது. வாய் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டது.

அடிப்பாவி மகளே!

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆனந்தவள்ளி பூனை மாதிரி பின்னாலேயே போனாள். லேபுக்குக் கிளம்பிய பிரான்சி மாடிப்படியில் நின்றிருந்தாள். சுபா பாவாடை மடிப்பிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள். பிரான்சி அதை வாங்கிக்கொண்டாள். மறுபடி மேலே ஏறிப்போய் வைத்துவிட்டு வந்தாள். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த ஆனந்தவள்ளி பட்டறைக்குத் திரும்பினாள்.

பத்து மணி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கு எடுத்தாள். கடைசி ஈடு வந்ததும், வடகம் காய்கிறதா பார்க்கிறேன் என்று மாடிக்குப் போனாள். பிரான்சி வீட்டுச் சாவி எப்போதும் நிலைப்படி ஆணியில்தான் தொங்கும். ஒளித்து வைக்கத் தெரியாதவளா, ஒளித்து வைக்காத மாதிரி நடிக்கிறவளா என்று அதிலும் இவளுக்கு ஒரு சந்தேகம்.

அலமாரியில் துணிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தாள். உள்ளே ஆறு பொட்டலங்கள், வாயை ஒட்டுத்தாளால் ஒட்டி, வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் தேதி, கிழமை. 4, செவ்வாய். 7, வெள்ளி. 11, செவ்வாய். 14, வெள்ளி. 18, செவ்வாய். இன்றைய தேதியும் இருந்தது. 21, வெள்ளி.

செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி!

டப்பாவை அப்படியே முந்தானையில் மூடிக்கொண்டு வந்து, பட்டறையில் முறுக்கு சுற்றுகிற இருளாயியிடம் காட்டினாள். இருளாயி மணப்பாறைக்காரி. கை முறுக்கு சுற்றும். வாய் ஊர்க்கதை சுற்றும்.

"புள்ளை கடிச்ச எச்சிப் பண்டமா தாயி?"

"ஆமாக்கா."

"செவ்வாக்கிழமை, வெள்ளிக்கிழமை பாத்து எடுத்து வச்சிருக்கா?"

"அதான்க்கா, எதுக்குன்னே புரியலை."

இருளாயி உழக்கைக் கீழே வைத்துவிட்டாள். அவள் உழக்கைக் கீழே வைத்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். "இது சும்மா இல்ல தாயி. புள்ளையோட ராசியை மடக்கி வைக்கிற வேலை. பொட்டலத்தைப் பிரிச்சுடாத, உன் கையில ஒட்டிக்கும். மொதல்ல சுத்திப் போடு."

ஆனந்தவள்ளி உப்பும் மிளகாய் வற்றலும் எடுத்து, டப்பாவைக் கையால் மூன்று சுற்றுச் சுற்றி, அவற்றை அடுப்பில் போட்டாள். திருஷ்டியாக இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். வந்தது பாருங்கள் ஒரு நெடி! இரண்டு பேரும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட இருமித் தீர்த்தார்கள்.

"பாத்தியா? திருஷ்டி இல்ல" என்றாள் இருளாயி, இருமலுக்கு நடுவில். "அப்ப செய்வினைதான்."

விழா வேலைக்காகப் பள்ளிக்கூடம் அரை நாள். சுபா ஒரு மணிக்கு வந்தாள். லேபில் கூட்டம் என்று பிரான்சி மூன்று மணிக்குத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் ஆனந்தவள்ளி டப்பாவைக் கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"என்ன பிரான்சி இது?"

பிரான்சி டப்பாவைப் பார்த்தாள். சுபாவைப் பார்த்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

"அக்கா, அது சுபாவோடது. அவதான் சொல்லணும்."

"பச்சைப் பிள்ளை மேல போடாதே. உன் அலமாரியில இருந்துச்சு. எம் பொண்ணு கடிச்ச முறுக்கை எடுத்து வச்சு நீ என்ன பண்றே? இந்த வீட்டு ராசி உன் கண்ணை உறுத்துதா? சொல்லு!"

"அம்மா, சித்தியைத் திட்டாதே!" சுபா குறுக்கே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "நான் சொல்றேன்."

ஒரு பொட்டலத்தைக் கிழித்தாள். இருளாயி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். உள்ளே ஒரு ஓரம் கடித்த முறுக்கும், நான்காக மடித்த கோடு போட்ட தாளும் இருந்தன. சுபாவின் கோழிக்கிறுக்கலில் நாலு வரிகள்.

*வாசனை: காறல் அடிக்குது. நிறம்: கருப்பா இருக்கு. தொண்டை: கரகரன்னு இருக்கு. சாப்பிடலை.*

அடுத்ததிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதே.

"எங்க சயின்ஸ் மிஸ் சொன்னாங்கம்மா. நாம சாப்பிடறதுல எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலைன்னு நாமளே பார்த்து எழுதணும்னு. அம்மா சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்கன்னு எழுதக்கூடாது. எனக்கு முறுக்கு சாப்பிட்டா சில நாள் ஒண்ணும் ஆகலை. சில நாள் மட்டும் மதியம் வரைக்கும் தொண்டை எரியுது. எந்த நாள்னு எழுதிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான். அந்த ரெண்டு நாள் மட்டும் சாப்பிட வேண்டாம்னு நானே முடிவு பண்ணினேன். மத்த நாள் முழுசும் சாப்பிடறேன்மா, சத்தியமா."

"இதுல உனக்கு என்ன வேலை?" ஆனந்தவள்ளி ஓரகத்தியை விடவில்லை.

"கீழே வச்சா எறும்பு வருது, அம்மாவும் பார்த்துருவாங்க, உங்க அலமாரியில வச்சுக்கங்கன்னு கேட்டா. வச்சேன். அவ்வளவுதான்க்கா. சாப்பிடுன்னும் சொல்லலை, சாப்பிடாதேன்னும் சொல்லலை. அவ உடம்பு, அவளே பார்த்துக் கத்துக்கட்டும்னு விட்டேன்." பிரான்சி கிழித்த பொட்டலத்தை எடுத்து முகர்ந்தாள். "காறல் வாசனைக்குக் காரணம் பழைய எண்ணெய்தான்க்கா. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய். அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சுபாவைக் கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா."

சுபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனந்தவள்ளியின் சந்தேகம் இருந்த இடத்தை விட்டு எழுந்து அடுத்த ஆள் மேல் போய் உட்கார்ந்தது. செவ்வாயும் வெள்ளியும் என்றால் அதற்கு முந்தின நாள் திங்களும் வியாழனும். திங்களும் வியாழனும் சாயங்காலம் கடையை இவளிடம் விட்டுவிட்டு மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்கு அரிசி பிடிக்கப் போகிறவர் யார்? இவள் புருஷன்தான். அரிசியோடு வேறு என்ன டின் வருகிறது அந்த வண்டியில்?

நெஞ்சுக்குள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன், பெற்ற பிள்ளை தின்கிற பண்டத்தில் போய்...

கடையில் ரெங்கராஜ் பொட்டலங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வாயில் ஏதோ பாட்டு.

"என்னங்க, மண்ணச்சநல்லூர்லேர்ந்து என்ன எண்ணெய் கொண்டு வர்றீங்க?"

"எண்ணெயா? அரிசி மில்லுல எண்ணெய்க்கு எங்க போறது? உனக்கு என்ன ஆச்சு வள்ளி?"

"மறைக்காதீங்க. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நம்ம முறுக்கு காறுது. பிள்ளைக்குத் தொண்டை எரியுது. எழுதியே வச்சிருக்கா."

ரெங்கராஜ் பாட்டை நிறுத்தினான். ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான். நெற்றி சுருங்கியது. "ஆமா, லேசா இருக்கு. காலையில புகையில தெரியலை." பொட்டலத்தைக் கீழே வைத்தான். "நான் புது டின்தானே உடைச்சுத் தர்றேன்? ராத்திரி கடாயில ஊத்தி வைக்கறது நீ. ஆங், நல்ல நேரத்துல ஞாபகம் வந்துச்சு. சோப்பு காய்ச்ச நம்ம பழைய எண்ணெயை எடுத்துட்டுப் போற பாசில் பாய் போன வாரம் கேட்டாரு. தினமும் சாயங்காலம் பஜ்ஜி சுட்ட எண்ணெய் கேன்ல இருக்கு, திங்களும் வியாழனும் மட்டும் கேன் காலியா இருக்கேன்னு. அந்த எண்ணெயெல்லாம் எங்கே போவுது?"

ஆனந்தவள்ளி பட்டறைப் பக்கம் திரும்பிக் கடாயைப் பார்த்தாள்.

எங்கே போகும்? பஜ்ஜிக் கடாயில் இரண்டு படி எண்ணெய் பளபளவென்று மிஞ்சியிருக்கும். அதைப் போய் சோப்புக்கு ஊற்றுவதா என்று அவளுக்கு மனசு ஆறாது. புருஷன் ஊரில் இல்லாத அந்த இரண்டு சாயங்காலமும், பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, மறுநாள் முறுக்குக் கடாயில் புது எண்ணெயோடு சேர்த்துவிடுவாள். கசடு இல்லாமல் கண்ணாடி மாதிரித்தானே இருக்கும்? அதில் தப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சிக்கனமான பொம்பளை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டுகூட இருந்தாள்.

பதினேழு நாளாக ஓரகத்தியை, இருளாயி பேச்சைக் கேட்டுச் செய்வினையை, கடைசியில் கட்டின புருஷனை என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"நான்தாங்க" என்றாள். "நான்தான் வடிகட்டி ஊத்தினேன்."

ரெங்கராஜ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் அடுக்கி வைத்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து வியாழக்கிழமை" என்றான்.

"ஆமா."

"அப்ப இது அத்தனையும்..."

"ஆமாங்க."

கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றேகால். "வள்ளி, இனி புதுசா சுட நேரமில்ல. இந்த ஒரு தடவை போயிடட்டும். புது எண்ணெயும் கலந்துதானே இருக்கு? ஒரே ஒரு நாள் தின்னா யாருக்கு என்ன ஆயிடும்? யாருக்குத் தெரியப்போவுது?"

பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் என்றால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இப்போது முடியவில்லை. கோழிக்கிறுக்கலில் எழுதிய அந்தத் தாள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"சுபாவுக்குத் தெரியும்" என்றாள்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பட்டறைக்குள் இழுத்தாள். ரெங்கராஜ் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வேன்காரர்கிட்ட நான் பேசிக்கறேன். பள்ளிக்கூடத்துக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன். எம்மேலதான் தப்புன்னு சொல்றேன்."

"ஆர்டர் போயிடும் வள்ளி. இன்னொரு தடவை நம்மளைக் கூப்பிடவே மாட்டாங்க."

"தெரியும்."

சத்தம் கேட்டு சுபாவும் பிரான்சியும் வந்து நின்றார்கள். ரெங்கராஜ் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ஏம்மா, தெரிஞ்ச உடனே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? தினமும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னியே!"

"வேண்டாம்னு சொல்லக்கூடாதே" என்றாள் சுபா. "சொன்னா ராசி போயிடும்னு அம்மாதானே சொல்லியிருக்கா. அதான் கடிச்சிட்டுப் போய்த் துப்பினேன்."

ஆனந்தவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார் என்று பதினேழு நாளாக வலை போட்டுத் தேடினாளே! அவளே கற்றுக்கொடுத்திருக்கிறாள். சாப்பிடக் கற்றுக்கொடுத்தாள், நல்லாருக்கு என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. அதைப் பிள்ளை திருட்டுத்தனமாகத் தானே கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

மகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள்.

"இனிமே உனக்கு ஒத்துக்கலைன்னா வேண்டாம்னே சொல்லு. யார் குடுத்தாலும் சொல்லு. நான் குடுத்தாலும் சொல்லு. ராசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." பிரான்சியைப் பார்க்க முடியாமல் பார்த்தாள். "உன்னைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேன் பிரான்சி."

"போகட்டும் விடுங்கக்கா. வேன் வர்ற நேரமாச்சு."

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. ஆனந்தவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். சுபா முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இன்னொண்ணும் சொல்லவா?"

"சொல்லு."

"பொட்டலத்துல எழுதினதையெல்லாம் பெரிய சார்ட்ல எழுதி இன்னிக்குக் காலையில மிஸ்கிட்ட குடுத்துட்டேன். நல்லாருக்குன்னு சொன்னாங்க. நாளைக்குக் கிரவுண்ட்ல எல்லாரும் பார்க்கற மாதிரி வாசல்லயே ஒட்டுவாங்களாம். எல்லா அப்பா அம்மாவும் வருவாங்கல்ல, அவங்க படிக்கறதுக்கு."

ரெங்கராஜ் எழுந்து நின்றுவிட்டான்.

"அதுல என்னடி எழுதினே?" ஆனந்தவள்ளி மகளின் தோளைப் பிடித்தாள்.

"தேதி, கிழமை, வாசனை, தொண்டை. அப்புறம் காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சும்மா. நீ துணியில வடிகட்டறதை நான் திங்கக்கிழமையே பார்த்துட்டேன். சித்திகிட்டகூட சொல்லலை. ஆனா பார்த்ததை அப்படியே எழுதணும்னு மிஸ் சொன்னாங்க."

வேன் கடை வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "ரெடிங்களா?" என்று கேட்டார்.

"என்ன எழுதினே சுபா?"

பிள்ளை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அம்மான்னு எழுதிட்டேன்."